ஜாதிச் சான்றிதழும் கல்லூரி இடமும்: விழுப்புரம், திண்டிவனம் மாணவர்களுக்கு

கல்லூரி இடம் கிடைக்க இரண்டு தாள்கள் வேண்டும். ஒன்று மார்க் ஷீட், மற்றது ஜாதிச் சான்றிதழ். முதல் தாளுக்காக இரண்டு வருடம் டியூஷன் அனுப்புகிறோம், விடியற்காலையில் எழுப்பிவிடுகிறோம், செல்போனைப் பிடுங்கி வைக்கிறோம். இரண்டாவது தாளை ரிசல்ட் வந்த பிறகுதான் பெட்டிக்குள் தேடுகிறோம். மே மாதத்தில் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து இ-சேவை மையங்களில் நிற்கும் கூட்டத்தில் பெரும்பகுதி இப்படித் தேடிக் கிடைக்காதவர்களும், கிடைத்ததில் எழுத்துப் பிழை கண்டுபிடித்தவர்களும்தான்.

பிறப்பை வைத்துக் கல்லூரி இடம் தருவது நம் ஊருக்கு மட்டும் உரிய வழக்கமல்ல. அமெரிக்காவில் ஹார்வர்டு போன்ற பல்கலைக்கழகங்கள் மாணவரின் இனத்தைப் பல விஷயங்களில் ஒன்றாக வைத்து எடைபோட்டு வந்தன. எவ்வளவு எடை என்பது விண்ணப்பித்தவருக்குக் கடைசிவரை தெரியாது. 2023 ஜூன் 29 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த முறை செல்லாது என்று தீர்ப்பளித்துவிட்டது. இலங்கையில் 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் என்ற பெயரில் வந்த ஏற்பாடு, பல்கலைக்கழகம் போகத் தமிழ் மாணவர்கள் கூடுதல் மதிப்பெண் எடுத்தாக வேண்டும் என்று ஆக்கியது. அந்தக் காயம் என்னவாக முடிந்தது என்பது உலகம் அறிந்த கதை. தமிழ்நாட்டு முறை இந்த இரண்டையும் போன்றதல்ல. யாருக்கு எத்தனை விழுக்காடு என்பதைச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது. நேர்முகத் தேர்வு இல்லை, சேர்க்கைக் குழுவின் மனநிலை இல்லை. நீங்கள் யார் என்று கம்ப்யூட்டர் உங்களைக் கேட்காது, உங்கள் தாளைத்தான் கேட்கும். ஆகவே இந்த முறையில் ஏமாந்து போகிறவர் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் தாள் சரியில்லாதவராகவோ தாளே இல்லாதவராகவோ இருக்கிறார்.

எம்பிசி எங்கிருந்து வந்தது

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி அரசாணை 1920களில் வந்தது. செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதைக் கல்லூரிச் சேர்க்கையில் செல்லாததாக்கியது. தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பின் விளைவாக அதே ஆண்டு அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்து, 15(4) என்ற பிரிவு சேர்ந்தது. 1980இல் எம்.ஜி.ஆர். அரசு பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டை 31இலிருந்து 50 விழுக்காடாக உயர்த்தியது.

நம் பகுதிக் கதை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அந்த 50 விழுக்காட்டுக்குள் ஏற்கெனவே முன்னேறிய ஜாதிகள் இடங்களை அள்ளிக்கொள்கின்றன, வட மாவட்டங்களில் எண்ணிக்கையில் பெரிய வன்னியர்களுக்குக் கிள்ளித்தான் கிடைக்கிறது என்பது குற்றச்சாட்டு. திண்டிவனத்தில் மருத்துவராக இருந்த ச. ராமதாஸ் 1980இல் தொடங்கிய வன்னியர் சங்கம் 1987 செப்டம்பர் 17 முதல் ஒரு வாரம் சாலை மறியல் நடத்தியது. அந்தப் போராட்டத்தில் 21 பேர் உயிரிழந்தார்கள். 1989இல் கருணாநிதி அரசு அந்த ஐம்பதைப் பிரித்து, மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் ஆகியோருக்கு 20 விழுக்காட்டைத் தனியே ஒதுக்கியது. இன்று உங்கள் பிள்ளையின் விண்ணப்பத்தில் உள்ள 'எம்பிசி' என்ற கட்டம் அப்படி வந்தது. இறந்த அந்த 21 பேருக்கு விழுப்புரத்தில் கட்டிய மணிமண்டபம் 2025 ஜனவரியில் திறக்கப்பட்டது.

இதற்கு ஒரு பின்கதையும் உண்டு. 2021 பிப்ரவரி 26 அன்று, சட்டமன்றத் தேர்தல் அறிவிப்பு வெளியான அதே நாளில், அந்த 20க்குள் வன்னியருக்கு 10.5 விழுக்காடு என்று சட்டம் நிறைவேறியது. அந்த ஆண்டுச் சேர்க்கையில் எம்பிசி மூன்று கூறாக உடைந்து நின்றது. 2021 நவம்பர் 1 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும், 2022 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றமும் அதை ரத்து செய்தன. உள் ஒதுக்கீடு கொடுக்கவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லவில்லை. புதிய புள்ளிவிவரம் இல்லாமல் கொடுத்தது தவறு என்றது. என் கருத்து: கணக்கெடுக்காமல் அவசரமாகக் கொடுக்கும் எந்த ஒதுக்கீடும் நடுவழியில் மாணவனை இறக்கிவிடும். இனி ஒரு முறை இப்படிச் சட்டம் வந்தாலும், அது நீதிமன்றத்தைத் தாண்டும்வரை அதை நம்பிக் கல்லூரியை முடிவு செய்யாதீர்கள். இன்றைய நிலவரப்படி எம்பிசி, சீர்மரபினர் எல்லோருக்கும் சேர்த்து ஒரே 20தான்.

200 இடங்களை எப்படிப் பிரிக்கிறார்கள்

ஒரு கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் 200 என்று வைத்துக்கொள்வோம். பொதுப் போட்டிக்கு 62, பிசிக்கு 53, இஸ்லாமியப் பிற்படுத்தப்பட்டோருக்கு 7, எம்பிசி மற்றும் சீர்மரபினருக்கு 40, எஸ்சிக்கு 30, அருந்ததியருக்கு 6, எஸ்டிக்கு 2. பொதுப் போட்டி போக மீதியைக் கூட்டினால் 138. அதுதான் நூற்றுக்கு 69. மண்டல் வழக்கில் 1992இல் உச்ச நீதிமன்றம் 50 என்று வரம்பு வைத்த பிறகும் இது தொடர்வதற்குக் காரணம், 1994இல் 76ஆம் திருத்தத்தின் மூலம் தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்பதாவது அட்டவணையில் ஏறியதுதான்.

இங்கே பெற்றோர் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அந்த 62 இடங்களை "ஓசிக்காரங்க சீட்டு" என்று சொல்கிறார்கள். அப்படி ஒன்று கிடையாது. அது எல்லோருக்குமான பொதுப் போட்டி. எந்த ஜாதி மாணவரும் மதிப்பெண்ணால் அதற்குள் வரலாம்.

ஒரு மாணவியை எடுத்துக்கொள்ளுங்கள். கணிதத்தில் 94, இயற்பியலில் 88, வேதியியலில் 90. பொறியியல் கட் ஆஃப் கணக்கில் கணிதம் முழுதாக 94, மற்ற இரண்டும் பாதியாக 44, 45. கூட்டினால் 200க்கு 183. அவர் எம்பிசி. அவருக்கு இரண்டு ரேங்க் வரும்: பொது ரேங்க் ஒன்று, எம்பிசிக்குள் ரேங்க் ஒன்று. அவர் சாய்ஸ் லிஸ்ட்டில் முதலில் போட்ட கல்லூரியில் அவருடைய பொது ரேங்குக்கு இடம் இருந்தால், பொதுப் போட்டி இடத்திலேயே சேர்ந்துவிடுவார். எம்பிசி இடத்தில் கை வைக்கவே மாட்டார். பொதுவில் முடிந்துவிட்டிருந்தால் எம்பிசி இடம் பார்க்கப்படும். "எம்பிசின்னு போட்டா ஜெனரல்ல கிடைக்காதே, ஓசின்னே போட்டுடலாமா?" என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். சான்றிதழ் இருந்தும் அதைக் காட்டாமல் போனால் இரண்டு கதவில் ஒன்றை நீங்களே மூடுகிறீர்கள்.

ஜாதியைச் சொல்ல விருப்பமில்லை என்று கொள்கையாக இருப்பவர்களும் உண்டு, அவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. 2019இல் திருப்பத்தூர் வழக்கறிஞர் ஒருவர் ஜாதி, மதம் அற்றவர் என்று சான்றிதழே வாங்கினார். ஆனால் சேர்க்கையில் அதன் பொருள் பொதுப் போட்டி மட்டும் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். பதினேழு வயதுப் பிள்ளையின் சார்பில் அப்பா எடுக்கும் முடிவாக அது இருக்க வேண்டாம்.

அருந்ததியருக்கான 3 விழுக்காடு 2009இல் வந்தது. ஆதி ஆந்திரர், அருந்ததியர், சக்கிலியர், மாதாரி, மாதிகா, பகடை, தோட்டி ஆகிய ஏழு பெயர்களில் ஒன்று உங்கள் சான்றிதழில் இருந்தால், எஸ்சி என்று மட்டும் பதிவு செய்யாமல் எஸ்சிஏ கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்ட் 1 அன்று இந்தச் சட்டத்தை உறுதி செய்துவிட்டது. தயங்கத் தேவையில்லை.

இவை தவிர, 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு முன்னுரிமை உண்டு. மருத்துவத்துக்கு 2020இல், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றுக்கு 2021இல் வந்தது. இது ஜாதி ஒதுக்கீட்டுக்கு மாற்று இல்லை. அந்த 7.5க்குள்ளேயே பிசி, எம்பிசி, எஸ்சி என்று அதே பிரிவினை உண்டு. ஆகவே அரசுப் பள்ளி மாணவருக்கும் ஜாதிச் சான்றிதழ் வேண்டும்.

தாளில் என்ன எழுதியிருக்கிறது

இதுதான் இந்த அத்தியாயத்தில் நீங்கள் பென்சிலால் கோடு போட வேண்டிய பகுதி.

ஊரில் ஒரு ஜாதிக்குப் பல பெயர். அரசுப் பட்டியலில் இருப்பது வேறு. வன்னியர்களுக்குப் பட்டியலில் உள்ள தலைப்பு 'வன்னியகுல சத்திரியர்'. அதன்கீழ் வன்னியர், வன்னியக் கவுண்டர், கவுண்டர், படையாச்சி, பள்ளி, அக்னிகுல சத்திரியர் ஆகியவை அடங்கும். திண்டிவனத்துக்கு வடக்கே நாயக்கர் என்றும் சொல்லிக்கொள்கிறார்கள். அந்தப் பெயர் இந்தத் தலைப்பின்கீழ் இல்லை. தெலுங்கு பேசும் நாயக்கர்கள் வேறு சமூகங்கள். ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது தாத்தா வாய்மொழியாகச் சொன்னதை வைத்துப் பள்ளியில் 'இந்து - கவுண்டர்' என்று எழுதியிருப்பார்கள். கொங்குப் பக்கத்துக் கவுண்டர் பிசி, நம் பக்கத்துக் கவுண்டர் எம்பிசி. வெளி மாவட்டத்தில் கல்லூரி கிடைத்து அங்கே டிசியைக் கொடுக்கும்போது கேள்வி எழும். ஆதி திராவிடர், பறையர் இரண்டும் எஸ்சி பட்டியலில் தனித்தனிப் பெயர்கள். அப்பாவுக்கு ஒன்றும் பிள்ளைக்கு மற்றதும் இருந்தால் ஒதுக்கீடு மாறாது, ஆனால் சரிபார்க்கிறவர் நிறுத்திக் கேட்பார்.

மதம் மாறிய குடும்பங்கள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். எஸ்சியிலிருந்து கிறித்தவத்துக்கு மாறியவர்கள், எத்தனை தலைமுறை ஆனாலும், மாநிலத்தில் பிசி. கிறித்தவ வன்னியர்களும் எம்பிசியில் இல்லை, பிசியில்தான் வருகிறார்கள். இது நியாயமா என்ற விவாதம் நெடுநாளாக நடக்கிறது. விண்ணப்பம் போடும் நாளில் விவாதம் உதவாது, பட்டியல்தான் உதவும். டிசியில் ஒரு மதம், ஜாதிச் சான்றிதழில் இன்னொரு மதம் என்று இருந்தால் முதலில் அதைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

கலப்பு மணத் தம்பதியரின் பிள்ளைக்கு, பெற்றோரின் அறிவிப்பின்படி, அப்பாவின் ஜாதியிலோ அம்மாவின் ஜாதியிலோ சான்றிதழ் கேட்கலாம். அப்பாவுடையதைத்தான் வாங்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

இன்னொரு சிக்கல் மாவட்டப் பெயர். அப்பாவின் பழைய சான்றிதழில் தென்னாற்காடு மாவட்டம் என்று இருக்கும். 1993 செப்டம்பர் 30 அன்று விழுப்புரம் தனி மாவட்டமானபோது விழுப்புரம் இராமசாமி படையாட்சியார் மாவட்டம் என்று பெயர். 1997க்குப் பிறகு வெறும் விழுப்புரம். 2019 இறுதியில் கள்ளக்குறிச்சி பிரிந்துபோனது. ஒரே குடும்பத்தின் மூன்று தாள்களில் மூன்று மாவட்டம் இருக்கலாம், அதில் தவறேதும் இல்லை. பயப்பட வேண்டியது இனிஷியலுக்கும் பெயர் எழுத்துக்கும்தான். 'முருகன்' ஒரு தாளில், 'முருகையன்' இன்னொரு தாளில் என்றால், இருவரும் ஒரே அப்பா என்பதை நிரூபிக்க வேண்டிய வேலை உங்கள் தலையில் விழும்.

விண்ணப்பம் இ-சேவை மையத்தில். முதல் முறை என்றால் கேன் நம்பர் எடுப்பார்கள், கட்டணம் 60 ரூபாய். புகைப்படம், ஆதார், ரேஷன் கார்டு, டிசி, பெற்றோரில் ஒருவருடைய ஜாதிச் சான்றிதழ் கையில் இருக்கட்டும். விண்ணப்பம் விஏஓவிடம் போய், வருவாய் ஆய்வாளரிடம் போய், பிசி, எம்பிசி என்றால் மண்டலத் துணை வட்டாட்சியரும், எஸ்சி என்றால் வட்டாட்சியரும், எஸ்டி என்றால் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியரும் கையெழுத்திடுகிறார். எங்கே நிற்கிறது என்பதை விண்ணப்ப எண்ணை வைத்து நீங்களே பார்த்துக்கொள்ளலாம். இடையில் நின்று "நான் முடிச்சுத் தர்றேன்" என்பவருக்குக் கொடுக்கும் பணம் வீண்.

புதுச்சேரி எல்லையில் இருப்பவர்களுக்கு

வானூர், கண்டமங்கலம், மரக்காணம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் பஸ் ஏறிப் புதுச்சேரிப் பள்ளிகளில் படிக்கிறார்கள். வீடு தமிழ்நாடு, பள்ளி வேறு ஆட்சிப்பகுதி. 8 முதல் 12 வரை தமிழ்நாட்டில் படிக்காதவர்கள் இங்கே கவுன்சிலிங்குக்கு இருப்பிடச் சான்றிதழ் காட்ட வேண்டும். புதுச்சேரி அரசு கொடுத்த ஜாதிச் சான்றிதழை வைத்துத் தமிழ்நாட்டில் ஒதுக்கீடு கேட்க முடியாது. புதுச்சேரி அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு நம் 7.5 கிடையாது. இந்த மூன்றையும் பள்ளி மாற்றும் முன்பே யோசியுங்கள்.

ஜிப்மர் திண்டிவனத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணம். காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம். பக்கத்தில் இருந்தாலும் இரண்டும் மத்திய அரசின் கீழ். அங்கே 69 இல்லை. எஸ்சி 15, எஸ்டி 7.5, ஓபிசி 27, பொருளாதாரத்தில் நலிந்தோர் 10. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் அந்தப் பத்து விழுக்காடு நடைமுறையில் இல்லை. மத்தியில் பிசி, எம்பிசி எல்லோரும் ஒரே ஓபிசி வரிசையில் நிற்க வேண்டும். இங்கே எம்பிசிக்குள் கிடைத்த முன்னுரிமை அங்கே கிடைக்காது.

அதற்குத் தேவையான சான்றிதழும் வேறு. உங்கள் நிரந்தர ஜாதிச் சான்றிதழ் போதாது, கிரீமி லேயரில் இல்லை என்று சொல்லும் ஓபிசி சான்றிதழ் தனியாக வேண்டும். வருமான வரம்பு 8 லட்சம். சம்பளமும் விவசாய வருமானமும் இந்தக் கணக்கில் சேராது, ஆனால் பெற்றோரின் அரசுப் பதவி உயர் நிலை என்றால் தடை வரும். அந்தந்த ஆண்டு ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியதைத்தான் ஐஐடி, என்ஐடி கவுன்சிலிங்கில் ஏற்கிறார்கள். ஏப்ரல் இரண்டாம் தேதியே விண்ணப்பித்துவிடுங்கள். தமிழ்நாட்டு ஒதுக்கீட்டில் கிரீமி லேயர் கிடையாது, எனவே இதைப் பற்றி அண்ணாமார், அக்காமார் சொல்லி நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள்.

இருளர் குடும்பங்களுக்குத் தனியாக

200 இடத்தில் எஸ்டிக்கு 2 என்று மேலே படித்தீர்கள். விழுப்புரம் மாவட்டத்தில் அந்த இரண்டுக்கு உரியவர்களில் முக்கியமானவர்கள் இருளர்கள். அவர்களில் பலருக்கு மதிப்பெண்ணை விடச் சான்றிதழ்தான் பெரிய மலை.

1989 நவம்பர் 11 முதல் எஸ்டி சான்றிதழை வட்டாட்சியர் கொடுக்க முடியாது. கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும். செஞ்சி, திண்டிவனம் பக்கத்தவர்கள் திண்டிவனம் சார் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். போலிச் சான்றிதழைத் தடுக்க வந்த ஏற்பாடு அது. உண்மையான இருளரையும் சேர்த்து அது நிறுத்தி வைத்தது. செங்கல் சூளைக்கும் ரைஸ் மில்லுக்கும் குடும்பத்தோடு போய்விடுவதால் பிள்ளையின் படிப்பு ஊர் ஊராக அறுந்திருக்கும். அப்பாவுக்குச் சான்றிதழ் இருக்காது. ஏரிக்கரைக் குடிசைக்குப் பட்டா இருக்காது. விசாரணைக்கு வரும் அதிகாரி சிலர் பாம்பு பிடிக்கத் தெரியுமா, எலி பிடிக்கத் தெரியுமா என்று கேட்ட காலமும் உண்டு. கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்கப் போகும் பெண்ணுக்குப் பாம்பு பிடிக்கத் தெரிய வேண்டும் என்பது எந்தச் சட்டத்திலும் இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இது. ரத்த உறவில் யாருக்காவது, பெரியப்பா, அத்தை, தாத்தாவின் தம்பி யாருக்கானாலும் சரி, கோட்டாட்சியர் கொடுத்த சான்றிதழ் இருக்கிறதா என்று தேடுங்கள். அவருக்கும் உங்களுக்கும் உள்ள உறவை ஒரு குடும்ப மரமாக எழுதி விண்ணப்பத்தோடு வையுங்கள். யாருக்குமே இல்லையென்றால் நேரடி விசாரணை கேட்டு மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். வாய்மொழியாகத் திருப்பி அனுப்பினால் திரும்பி வராதீர்கள், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் இருந்தால்தான் மேல்முறையீடு செய்ய முடியும். திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி முன்னின்று நடத்திவரும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் இத்தகைய பிரச்சினைகளில் பல ஆண்டுகளாகக் கூட நிற்கிறது. தனியாக அலையாமல் அப்படி ஒரு துணையோடு போவது நல்லது.

நரிக்குறவர், குருவிக்காரர் சமூகத்தினர் 2023 தொடக்கத்தில் எஸ்டி பட்டியலுக்கு வந்துவிட்டார்கள். பழைய எம்பிசி சான்றிதழையே பிள்ளைக்குக் காட்டிக்கொண்டிருந்தால் உடனே மாற்றுங்கள்.

பொய்ச் சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொல்பவர்களும் இந்த இடத்தில்தான் முளைக்கிறார்கள். போலி என்று பின்னால் தெரிந்தால், எத்தனை ஆண்டு ஆகியிருந்தாலும், பெற்ற இடத்தையும் வேலையையும் காப்பாற்ற முடியாது என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

மேனேஜ்மென்ட் சீட்டு

தனியார் பொறியியல் கல்லூரிகளில் 65 விழுக்காடு இடம் அரசு ஒதுக்கீடு, சிறுபான்மைக் கல்லூரி என்றால் 50. மீதியில் ஜாதி ஒதுக்கீடு கிடையாது. "எல்லாம் ஒண்ணுதான் சார், ஸ்காலர்ஷிப் வந்துடும்" என்று ஏஜென்ட் சொன்னால் கவனம். எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை மேனேஜ்மென்ட் சீட்டுக்கு இல்லை. முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையும் கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தவருக்குத்தான். கவுன்சிலிங்கில் கிடைத்திருக்கக்கூடிய அதே கல்லூரியில், கவுன்சிலிங் தொடங்கும் முன்பே பயந்து பணம் கட்டிச் சேர்ந்தவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள்.

கலைக் கல்லூரிகளுக்கும் இந்த ஒதுக்கீடு முழுமையாகப் பொருந்தும். விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி, திண்டிவனம் ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி இரண்டுக்கும் ஒரே ஆன்லைன் விண்ணப்பத்தில் போடலாம். தரவரிசை வந்த பிறகு கலந்தாய்வு அந்தந்தக் கல்லூரியில் நடக்கும். அசல் சான்றிதழோடு நேரில் போக வேண்டும். உங்கள் பிரிவின் ரேங்க் அழைக்கப்படும் நாளில் நீங்கள் அங்கே இல்லையென்றால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

பிளஸ் ஒன் வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். காலாண்டுத் தேர்வு முடிவதற்குள் உங்கள் வகுப்பில் யாரிடம் ஜாதிச் சான்றிதழ் இல்லை, யாருடைய பெயர் டிசியோடு ஒத்துப்போகவில்லை என்று ஒரு பட்டியல் எடுங்கள். எஸ்டி மாணவர் ஒருவர் இருந்தாலும் அவர் பெயரை முதலில் எழுதி, அந்த வாரமே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். மற்றவர்களுக்கு ஒரு மாதம் போதும். அவருக்கு ஒரு வருடம் ஆகலாம்.